வலப்பக்கம் பள்ளம்

அடுப்படியில் நின்று குழம்பைக் கிளறிக்கொண்டே காலை நீட்டினால் கக்கூஸ் கதவைத் தொட்டுவிடலாம். அப்படியொரு வீட்டில் நாங்கள் மூன்று பேர் ஒரு வாரம் குடித்தனம் செய்தோம். வீடு என்று சொன்னேனே தவிர அதற்குச் சக்கரம் உண்டு. இங்கே ஆர்.வி. என்பார்கள். லாரி நீளத்துக்கு ஒரு வண்டி. அதற்குள் கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், குளியலறை, இரண்டு பக்கமும் பெஞ்சு போட்ட சாப்பாட்டு மேசை. நம் வீட்டு மேசையில் நாமே சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். சமையல் அலமாரியைத் தாழ்ப்பாள் போட மறந்தால் முதல் திருப்பத்திலேயே டம்ளர்கள் பறந்து வந்து மண்டையில் விழும். தினமும் காலையில் என் கணவர் செல்வம் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, கழிவுத் தொட்டியின் குழாயை இழுத்துத் தரையிலுள்ள ஓட்டையில் சொருகுவார். என் அக்கா வசந்தா அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "எம்.எஸ்சி. படிச்ச புள்ள செய்யற வேலையாடி இது?" என்று என்னைத்தான் கடிந்துகொள்வாள். சமைக்கிற இடத்தில் கக்கூஸா என்று, அந்த வாரம் முழுக்க அவள் அதைப் பயன்படுத்தவே இல்லை. வழியில் பெட்ரோல் பங்க் வரும்போதெல்லாம் அவளுக்காக வண்டியை நிறுத்தினோம்.

அக்கா திருவண்ணாமலையிலிருந்து வந்திருந்தாள். வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. எனக்குக் கல்யாணமாகி நான் அமெரிக்கா வந்த தொண்ணூறுகளில், விமான நிலையம்வரை வந்து வழியனுப்பியவர்கள் அவளும் மாமாவும். பத்து வருஷம் கழித்து மாமா மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் கிடையாது. வருஷத் திதி முடிந்த கையோடு நான்தான் விசா, டிக்கெட் எல்லாம் ஏற்பாடு செய்து வரவழைத்தேன். வந்தவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆளில்லாத தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடும் கம்மி, பேச்சும் கம்மி. அதனால்தான் இந்தப் பயணம். இங்கே யாராவது வாடிப்போயிருந்தால் வண்டி எடுத்துக்கொண்டு மேற்கே போய் மலையும் பள்ளத்தாக்கும் காட்டுவார்கள். இந்த ஊர் வைத்தியம் அவளுக்கும் கேட்கும் என்று நினைத்தேன்.

வாடகைக்கு வண்டி எடுத்த இடத்திலேயே அக்கா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னாள். கடைக்காரர், டயரில் ஏதும் குறையா என்று குனிந்து பார்த்தார். பழத்தை நசுக்கத்தான் வைத்தோம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் ஊரில் இது ஒரு சோதனை என்று சொல்லிவைத்தேன். முதல் நாள் அக்கா சாப்பாட்டு மேசையில் பின்னோக்கிப் பார்க்கிற பெஞ்சில் உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் வாந்தி. மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே எதிர் பெஞ்சுக்கு மாறியவள், "இனிமே செத்தாலும் அந்த சீட்ல உக்கார மாட்டேன்" என்றாள். சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் அந்த வாரம் அவள் வாயிலிருந்து சாவு என்ற சொல் எப்படி வந்தாலும் நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஒரு விசித்திரம் உண்டு. பொட்டல் காட்டில் மணிக்கணக்காகப் போவோம். திடீரென்று ஒரு பலகை வரும்: இன்னும் இருபது மைலில் மாபெரும் டைனோசர். பிறகு பத்து மைல், ஐந்து மைல். கடைசியில் பார்த்தால் பச்சைப் பெயின்ட் அடித்த சிமென்ட் உருவம் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் ஐஸ்கிரீம் கடை. அக்கா இறங்கி அதை அண்ணாந்து பார்த்தாள். "இது இன்னா சாமிடி?" என்றாள். சாமி இல்லை, சும்மா பார்ப்பதற்கு என்றேன். "பாக்கறதுக்கா? இவ்ளோ பெருசா செஞ்சு வெச்சுட்டு ஒரு சூடம்கூட கொளுத்தலியா?" அடுத்த நாள் தண்ணீர் மேல்நோக்கி ஓடுவதாகச் சொல்லப்பட்ட ஒரு கோணல் வீடு. அங்கேயும் அதே கேள்விதான். ஜனங்கள் பஸ்ஸை நிறுத்தி இறங்குகிற இடத்தில் சாமி இல்லாமல் இருக்காது என்பது அவள் கணக்கு. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அந்தக் கணக்குதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எத்தனை ஊர்களிலிருந்து ஸ்பெஷல் பஸ் விடுகிறார்கள்! கீழ்பென்னாத்தூர் ரோட்டில் வேன்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். எல்லாரும் வருவது ஒரு மலையைச் சுற்றி நடப்பதற்கு. அக்காவும் மாமாவும் கல்யாணமான மாதத்திலிருந்து ஒரு பௌர்ணமிகூட விட்டதில்லை. மாமாவுக்குக் கால் வீங்கியிருந்த மாதத்தில்கூட, நின்று நின்று நடந்து முடித்தார்கள். அவர் போன பிறகு துக்கம் காக்கிற அந்த ஒரு வருஷம் அக்கா கோயில் பக்கமே போகவில்லை.

பள்ளத்தாக்குப் பூங்காவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது மத்தியான வேளை. முகாமில் எங்களுக்குக் கொடுத்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு விளிம்புக்கு நடந்தோம். காலடியில் தரை முடிந்துவிடுகிறது. கீழே சிவப்பும் காவியுமாகப் பாறை அடுக்குகள், அடியில் நூல்போல ஒரு ஆறு, வெகுதூரத்தில் அக்கரை. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இங்க இருந்த மலைய யாருடி எடுத்துக்கினு போனது?"

வண்டிக்குத் திரும்பி வந்ததும் வாய்த்தகராறு. ஆரம்பித்தது நான்தான். வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்து இருந்துவிடு, அங்கே யார் இருக்கிறார்கள் உனக்கு என்றேன். "யார் இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "எனக்கு இங்க ஒண்ணும் வேணாம்டி" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அழுக்குத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு முகாமின் சலவை இயந்திர அறைக்குக் கிளம்பினேன். படியில் இறங்கும்போது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "நான் போறேன்டி." ஊருக்குப் போவதைச் சொல்கிறாள் என்று நினைத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் "போ" என்றேன்.

துணி காய்ந்து நான் திரும்பியபோது வண்டியில் அக்கா இல்லை. மேல் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த செல்வத்தை எழுப்பினேன். அவருக்கும் தெரியவில்லை. பக்கத்து வண்டிக்காரர்களைக் கேட்டோம், பொதுக் கழிப்பறையைப் பார்த்தோம், கடைக்கு ஓடினோம். அக்காவிடம் செல்போன் இல்லை. எங்களிடம் இருந்ததற்கு அந்தக் காட்டில் சிக்னல் இல்லை. அவள் எப்போதும் எடுத்துப்போகிற தண்ணீர் பாட்டில் மேசைமேல் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவள் சொன்ன சொல் எனக்கு முழுசாகக் காதில் விழுந்தது. போறேன். நம் வீட்டில் தெருமுனைக் கடைக்குப் போகிறவர்கள்கூட அப்படிச் சொல்ல மாட்டார்கள். போயிட்டு வரேன் என்பார்கள். வரேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. வெறும் போறேன் என்று சிறு பிள்ளை சொன்னால்கூட அம்மா வாயிலேயே ஒரு தட்டு தட்டி, திருத்திச் சொல்ல வைப்பாள். அந்த வீட்டில்தான் அக்காவும் வளர்ந்தாள். விளிம்பை நோக்கி ஓடினேன்.

நாங்கள் நின்று பார்த்த அதே இடத்தில், கம்பி முடிந்து வெறும் பாறை தொடங்குகிற ஓரத்தில், அக்காவின் இடது கால் செருப்பு கிடந்தது. ஒன்று மட்டும். கட்டைவிரல் வளையத்தில் பித்தளைப் பூ வைத்த செருப்பு. கிளம்புவதற்கு முந்தின வாரம் தேரடித் தெருவில் வாங்கினேன் என்று காட்டியிருந்தாள். நான் எட்டிக் கீழே பார்க்கப் போனேன். செல்வம் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

செல்வம் ஓடிப்போய், பூங்காவைப் பார்த்துக்கொள்கிற ரேஞ்சரை அழைத்து வந்தார். பெரிய தொப்பி வைத்த, உயரமான பெண். காவலர்போல மிடுக்காகவும் நர்ஸ்போல மெதுவாகவும் பேசினார். செருப்பைத் தொடாமல் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவர் குரல் இன்னும் மெதுவாகிவிட்டது. அந்த மெதுவுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. அக்காவுக்கு வயது என்ன, ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா, சமீபத்தில் யாராவது இறந்தார்களா என்று கேட்டார். கணவர் என்றேன். கிளம்புவதற்கு முன் உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்.

"ஐ ஆம் கோயிங் என்றாள்" என்றேன்.

எங்கே என்று அவர் கேட்டார். நான் விளக்கப் பார்த்தேன். எங்கள் மொழியில் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை, போய் வருகிறேன் என்றுதான் சொல்வோம், திரும்பி வராதவர்கள் மட்டும்தான் போகிறேன் என்பார்கள், அவள் அப்படிச் சொல்லக் கூடியவளே இல்லை என்றெல்லாம் ஆங்கிலத்தில் கொட்டினேன். என் அக்கா ஒழுங்கான பெண் என்று நிரூபிக்கத்தான் அத்தனையும் சொன்னேன். அவர் காதில் வேறு மாதிரி விழுந்துவிட்டது. "ஐ ஆம் சோ சாரி" என்று சொல்லிவிட்டு, நாலடி தள்ளிப்போய் வாக்கிடாக்கியில் பேசினார். கயிறு, ஹெலிகாப்டர் என்ற இரண்டு சொற்கள் எனக்குக் கேட்டன. இன்னொரு ரேஞ்சர் வந்து சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டத் தொடங்கினார். செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினார். படம் எடுத்துக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்கள் எல்லாம் கேமராவைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வைகளுக்குத் தப்பி நகர்ந்தேன். பின்னால் ஒரு குட்டை மரம், அதைச் சுற்றிப் புதர். அங்கே போய் உட்காரப் போனபோது, புதருக்கு அடியில் ஏதோ மினுங்கியது. பித்தளைப் பூ. அக்காவின் வலது கால் செருப்பு. அதன்மேல் காய்ந்த இலைகளைப் போட்டு, ஒரு கல்லும் வைத்திருந்தது.

நான் சிரித்தேனாம். செல்வம் பிறகு சொன்னார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் பயந்துவிட்டாராம். ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோயில் வாசலில் செருப்பைச் சோடியாக விட்டால் வெளியே வரும்போது வெறுங்காலோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் ஒன்றை இங்கே விடுவோம், இன்னொன்றை எங்கேயாவது ஒளித்து வைப்போம். ஒற்றைச் செருப்பை எந்தத் திருடனும் எடுக்க மாட்டான். சாகப் போகிறவள் செருப்பு களவு போகும் என்று கவலைப்படுவாளா? திரும்பி வந்து மாட்டிக்கொள்ளப் போகிறவள்தான் இலை போட்டு மூடிக் கல் வைப்பாள். அவள் வாய் சொல்ல மறந்த வரேன் அந்தப் புதருக்கடியில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அக்கா எங்கே போவாள் என்று யோசிக்க எனக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. அன்றைக்குப் பௌர்ணமி.

ஆனால் அந்த நிம்மதி வந்த வேகத்திலேயே போய்விட்டது. அக்கா தண்ணீர் எடுத்துப்போகவில்லை. கிரிவலப் பாதையில் யார் தண்ணீர் எடுத்துப்போகிறார்கள்? வழி நெடுக மோரும் பானகமும் கையில் திணிப்பார்கள். இங்கே வெறுங்காலோடு, வெயிலில், ஒரு பக்கம் அதலபாதாளம். புறப்பட்டு எவ்வளவு நேரம் ஆனது என்றும் தெரியாது.

ரேஞ்சரிடம் ஓடினேன். "அவள் விழவில்லை. நடக்கிறாள். கிளாக்வைஸாக நடக்கிறாள்."

"கிளாக்வைஸாகவா? எதைச் சுற்றி?"

பள்ளத்தைச் சுற்றி என்று கையைக் காட்டினேன். அவர் பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம், இதைச் சுற்றி யாரும் நடக்க முடியாது. இதற்கு முடிவே கிடையாது." அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது என்றேன். தொலைந்துபோகிறவர்கள் வழக்கமாகக் கிழக்கே, கடைகளும் பஸ்ஸும் இருக்கிற பக்கமாகத்தான் போவார்கள், அங்கே ஆள் அனுப்பியிருக்கிறோம் என்றார். நான் பள்ளத்தைப் பார்த்து நின்று, அது என் வலது கைப்பக்கம் வரும்வரை திரும்பிக் காட்டினேன். என் முகம் மேற்கே இருந்தது. "இந்தப் பக்கம்தான் போயிருப்பாள். சத்தியமாகச் சொல்கிறேன், இந்தப் பக்கம் மட்டும்தான்." என் கையில் செருப்பு இருந்தது. அவருக்கு என்ன தோன்றியதோ, ஜீப் கதவைத் திறந்துவிட்டார். செல்வம் ஆர்.வி.யை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

விளிம்பையொட்டியே ரோடு போகிறது. ஒவ்வொரு வளைவிலும் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். நடைபாதையில் தொப்பிகள், முதுகுப் பைகள். புடவை மட்டும் இல்லை. கம்பி போட்ட காட்சிமுனை ஒன்று வந்தது. அதில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் கம்பியே கிடையாது. இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ரேஞ்சர் தலையை ஆட்டினார். வெயில் சாய்ந்து கண்ணில் குத்திக்கொண்டிருந்தது. நான் கூப்பிடாத தெய்வமில்லை என்று சொல்வார்களே, எனக்கு அது வரவில்லை. "இரு அக்கா, இரு அக்கா, இரு அக்கா" என்று அக்காவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நான்காவது காட்சிமுனையில் இருந்தாள். ஒரு பாறையில் உட்கார்ந்து கால்களை நீட்டியிருந்தாள். பாதத்தில் கொப்புளம் உடைந்து புழுதியும் ரத்தமுமாக இருந்தது. பக்கத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி, கையில் தண்ணீர் பாட்டிலோடு. இருவர் நெற்றியிலும் விபூதி.

என்னைப் பார்த்ததும் அக்கா கோபமாகக் கேட்டாள். "இன்னாடி ஊரு இது? மோர் குடுக்க ஒரு ஆள் கெடையாது. இவங்க மட்டும் இல்லன்னா மயக்கம் போட்டிருப்பேன்." நான் அவள் மடியில் விழுந்து அழுதேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என் முதுகைத் தடவிக்கொண்டே, "நிருதி லிங்கம் வரைக்கும் வந்துட்டேன்டி. ஆனா இந்தப் பள்ளம் திரும்பவே மாட்டேங்குது" என்றாள். எங்கள் கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள் உண்டு. நிருதி லிங்கம் நான்காவது. இங்கே ஜனங்கள் கூடி நின்ற ஒவ்வொரு இடத்தையும் ஒரு லிங்கமாக எண்ணிக்கொண்டு, கும்பிட்டபடியே நடந்திருக்கிறாள்.

"இது சுத்தி வராதுக்கா" என்றேன்.

"ஏன் வராது? எதிர்ல அந்தக் கரை தெரியுது. கொளமா இருந்தா இன்னா, பள்ளமா இருந்தா இன்னா? அந்தக் கரை வழியாப் போயி, பொறப்பட்ட எடத்துக்குத்தானே வந்தாவணும்?"

அந்தக் கரைக்கு ரோட்டில் போக நான்கைந்து மணி நேரம் ஆகும் என்று சொன்னேன். அவள் அக்கரையைப் பார்த்தாள். முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று. "அவரு வருஷத் திதி முடிஞ்சப்புறம் இதான்டி மொத பௌர்ணமி. மலைதான் இல்ல, மலை இருந்த குழியாவது இருக்கேன்னு நடந்தேன்." பிறகு என் கையைப் பார்த்தாள். "செருப்பை ஏன் எடுத்தே? அதான் பக்கத்துக்கு ஒண்ணா வெச்சேனே. இன்னொண்ணு எங்க?" ரேஞ்சர் பிளாஸ்டிக் பையை நீட்டினார். "இதை எதுக்குடி பையில போட்டு மூடி வெச்சிருக்காங்க?"

ரேஞ்சர் அவள் காலைக் கழுவி மருந்து போட்டார். ஹெலிகாப்டர் வேண்டாம் என்று வாக்கிடாக்கியில் சொன்னார். செல்வம் ஆர்.வி.யை முன்னும் பின்னும் ஒடித்து, முகாமுக்குத் திரும்பும் பக்கமாக நிறுத்திவிட்டு வந்தார். "அண்ணி, வாங்க, ஏறுங்க" என்றார். அக்கா எழுந்திருக்கவில்லை. பாதியில் திரும்பக் கூடாது என்றாள். வந்த வழியே போனால் பள்ளம் இடது கைப்பக்கம் வந்துவிடும். அவருக்காக நடந்த நடை, அதை இப்படியா முடிப்பது என்றாள். ரேஞ்சர் கடிகாரத்தைப் பார்த்தார். என்ன பிரச்சினை என்று என்னைக் கேட்டார். இந்த முறை நான் மொழிபெயர்க்கவில்லை.

அக்கா திறந்திருந்த வண்டிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தோளைப் பிடித்து எழுந்து, படியேறினாள். தான் வழக்கமாக உட்காருகிற பெஞ்சைத் தாண்டிப்போய், செத்தாலும் உட்கார மாட்டேன் என்று சொன்ன அந்தப் பின்பக்கம் பார்க்கிற பெஞ்சில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். "அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் குடுடி" என்றாள்.

வண்டி கிழக்கே கிளம்பியது. அக்கா மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். பள்ளம் அவள் வலது கைப்பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, உதடு அசைய, ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். சூரியன் அவளுக்கு நேரெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. நான் அலமாரியைத் தாழிட எழுந்தபோது, டிரைவர் கண்ணாடிக்கு முன்னால் காட்டுக்கு மேலே நிலா ஏறியிருந்தது. முழு நிலா.

"நிலா வந்துடுச்சுக்கா" என்றேன்.

"எங்க?"

"முன்னாடி."

அவள் திரும்பவில்லை. "அங்க இந்நேரம் விடிஞ்சிருக்கும். ஜனமெல்லாம் சுத்தி முடிச்சுட்டு பஸ் ஏறியிருக்கும்" என்றாள். பிறகு தன் பெஞ்சில் சற்றே ஒதுங்கி இடம் விட்டாள். "நீயும் இந்தப் பக்கம் வந்து உக்காருடி. அவரு எனக்கு இடது பக்கமாத்தான் நடப்பாரு."

முன்னாலிருந்து செல்வம் குரல் கொடுத்தார். "சுமதி, அடுத்தது லெப்டா ரைட்டா? மேப்பைப் பாத்துச் சொல்லு."

பிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். வண்டி ஓடும்போது நிற்கக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். "இதோ சொல்றேங்க" என்று முன்பக்கம் சொன்னேன். "இதோ வரேன்கா" என்று பின்பக்கம் சொன்னேன். முகாம் வந்து சேரும்வரை நான் உட்காரவே இல்லை.